என் பெயருக்கு முன்னால் ஆறு இங்கிலீஷ் வார்த்தைகள்

காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி வட்டாரத்தில் பெயின்ட் வேலை என்றால் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் ரயிலேறி வந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். மறுநாளே சுண்ணாம்பு வாளியைத் தூக்கினேன். ஐம்பது வயதில் என்னிடம் முப்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். என்னிடம் பிரஷ் பிடிக்கப் பழகியவர்களில் நாலு பேர் இன்றைக்குத் தனி மேஸ்திரிகள்.

ஆனால் இப்போது எழுதுவது அந்த வளர்ச்சியைப் பற்றி அல்ல. அதற்குத் தனிப் புத்தகம் வேண்டும். ஒரே ஒரு நாளில், காலை பத்து மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் நடுவில், சேர்த்து வைத்த பெயரெல்லாம் கையை விட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் டீக்கடைக்குப் போகும்போது ஓர் இங்கிலீஷ் பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவேன். பெஞ்சில் உட்கார்ந்து, விரித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவேன். நடுவில் ஒரு பெருமூச்சு விடுவேன், ஏதோ டில்லியில் தப்பு நடந்துவிட்ட மாதிரி. எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. படம் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனால் மேஸ்திரி இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறார் என்று ஊரே நம்பியது. பில்டர்கள் காகிதம் நீட்டினால், "வீட்டுக்குப் போய் நிதானமா பாக்கறேன்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். வீட்டில் என் மகள் படித்துச் சொல்லுவாள். அவள் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு படித்துச் சொல்ல ஆள் இல்லை.

ஓசூர் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்த வருஷங்கள் அவை. பொம்மனஹள்ளி தாண்டி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி பெரிய கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பிளாக். பெயின்ட் வேலைக்குக் கொட்டேஷன் கேட்டிருந்தார்கள். அதுவரை நான் பார்த்த கட்டடங்களில் வீட்டுக்காரர் வாயால் கேட்பார், நான் வாயால் சொல்வேன். இவர்களோ கொட்டேஷனோடு கம்பெனி புரொஃபைல் என்று ஒன்று வேண்டும், அதுவும் இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள். நீ யார், எவ்வளவு பெரிய ஆள் என்பதை நீயே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அது எனக்கு ஏற்ற வேலைதானே.

காக்ஸ் டவுன் மார்க்கெட்டை ஒட்டி ஒரு டி.டி.பி. கடை இருந்தது. அங்கே டைப் அடிக்கிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், கான்வென்ட்டில் படித்தவள், எல்லாரையும் அங்கிள் என்பாள். என் வேலையைப் பற்றி நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அங்கிள், உங்க பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தை போடணும். பெரிய ஆளுன்னு தெரியற மாதிரி. எதைப் போடட்டும்?"

"என்னென்ன இருக்கு?"

அவளிடம் லாமினேட் பண்ணிய ஓர் அட்டை இருந்தது. அந்த மாதிரி வார்த்தைகளாகவே எழுதி வைத்திருந்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஃபேமஸ்னா எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. வெல்நோன்னா அதுக்கு ஒரு படி கம்மி. ரெப்யூட்டட்னா நல்ல பேரு எடுத்தவங்க. ரினவுண்ட்னா ஒரு தொழில்ல பேரு எடுத்தவங்க, கொஞ்சம் மரியாதையான வார்த்தை. எமினென்ட்னா பெரிய டாக்டரு, ஜட்ஜு, அவங்களுக்குப் போடுவாங்க."

"அடுத்தது?"

"இல்லஸ்ட்ரியஸ். அது உங்களுக்கு வேணாம் அங்கிள். அது முக்காவாசி செத்துப்போனவங்களுக்குத்தான் போடறது."

"செத்தாத்தான் குடுப்பானா? உயிரோட இருக்கும்போதே போடும்மா, கண்ணால பாத்துக்கறேன்."

"ஒண்ணு போட்டா போதும் அங்கிள். நெறைய போட்டா யாரும் நம்ப மாட்டாங்க."

"ஒரு கோட்டு அடிச்சா சுவரு மூடுமா? எல்லாத்தையும் போடு."

அட்டையின் அடியில் இன்னொரு வார்த்தை தனியாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தது. அது என்ன என்று கேட்டேன். "நொட்டோரியஸ். கெட்ட விஷயத்துல பேரு எடுத்தவன். அது பக்கமே போகாதீங்க" என்று அட்டையைத் திருப்பி வைத்துவிட்டாள். ஆறு வார்த்தைகளும் என் பெயருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தன.

அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே. ஒரு காப்பியை டீக்கடைக்குக் கொண்டுபோய் எல்லா மேஸ்திரிகளுக்கும் காட்டினேன். "பாருங்கடா, என் பேரு எத்தனாவது வார்த்தையா வருதுன்னு எண்ணிக்கங்க" என்றேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் வீட்டுக்கு கேட் போட்டால், அடுத்தவன் வெல்டிங் கடைக்குப் போய் "அவருக்குப் போட்ட மாதிரியே" என்பான். கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான், பிள்ளைக்குக் காது குத்தும் பந்தலும் அப்படித்தான். எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், முன்னால் போனவனுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் இந்தக் காகிதத்துக்கும் அப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து சைட் ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்தான். காலை பத்து மணிக்கு என்ஜினீயர் கூப்பிடுகிறார் என்றான். வேலை எனக்குத்தான் என்று இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

தகரக் கொட்டகைக்குள் எனக்கு முன்பே நாலு பேர் நின்றிருந்தார்கள். நாலு பேரும் எங்கள் பக்கத்து மேஸ்திரிகள். அதில் ஒருவன் ஆம்பூர்க்காரன், என்னிடம் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் போனவன். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

என்ஜினீயர் மைசூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். மேஜைமேல் ஐந்து காகிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"ஏன்ரீ இது? அஞ்சு கொட்டேஷன், அஞ்சு பேரு, அஞ்சு அட்ரஸ். ஆனா ஒந்தே லெட்டர்! ஒரு எழுத்து மாறல." ஒவ்வொரு காகிதமாகத் தட்டினார். "இவரும் இல்லஸ்ட்ரியஸ். இவரும் இல்லஸ்ட்ரியஸ். எனக்கு வந்த அஞ்சு பேரும் இல்லஸ்ட்ரியஸ்!"

வெளியே கான்கிரீட் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஒரே ஆளு அஞ்சு பேருல கொட்டேஷன் போட்டிருக்கான். வேற யாரையும் உள்ள விடாம, ரேட்டை அவனே முடிவு பண்றதுக்கு. அந்த ஆளு யாருன்னும் எனக்குத் தெரியும்."

ஆம்பூர்க்காரனின் காகிதத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். ஓரிடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். "இது இவரோட லெட்டர். ஆனா இங்க யாரு பேரு இருக்கு பாருங்க." விரல் நேராக என் பக்கம் வந்தது. எனக்குப் போட்டதில் பெயரை மாற்றி அடிக்கும்போது டி.டி.பி. கடைப் பெண் ஓரிடத்தில் என் பெயரை மாற்ற மறந்துவிட்டாள்.

"சார், நான் தனி, அவன் தனி" என்றேன்.

"அப்படித்தான் சொல்வீங்க. நான் இன்னைக்கு ஒரு லிஸ்டு அனுப்பறேன். இந்த ஹோசூர் ரோட்ல எங்களுக்குத் தெரிஞ்ச எல்லா பில்டருக்கும் போகும். இந்த அஞ்சு பேரைக் கேட்டுக்குள்ள விடாதீங்கன்னு. இத்தனை வார்த்தை போட்டீங்களே, ஒண்ணு விட்டுட்டீங்க. அதை நான் போடறேன். நொட்டோரியஸ்."

அவர் பேசிய இங்கிலீஷில் எனக்கு நன்றாக விளங்கியது அந்த ஒரு வார்த்தைதான். முப்பத்திரண்டு பேரையும் அன்றைக்குக் காலையில்தான், "பெரிய வேலை வருது, யாரும் ஊருக்குப் போகாதீங்க" என்று பிடித்து வைத்திருந்தேன்.

"சார், அது நான் எழுதின லெட்டரு. மத்தவங்க பாத்துப் போட்டது."

"நீங்க எழுதினதா? நிஜமா?" காகிதத்தை என் முன்னால் தள்ளினார். "அப்போ இந்த முதல் பாராவைப் படிச்சு, அர்த்தம் சொல்லுங்க. உங்க லெட்டர்னு நம்பறேன்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். "கண்ணாடி கொண்டு வரல சார்."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "எனக்கும் வெள்ளெழுத்துதான். போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டேன். எழுத்தெல்லாம் கறுப்பாக, பெரிதாக, தெளிவாகத் தெரிந்தது. மங்கலாகவாவது தெரிந்திருக்கக் கூடாதா? நாலு மேஸ்திரிகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர், "அண்ணன் சொன்னா இங்கிலீஷ்காரனே திருத்திக்கணும்" என்று என்னைப் பற்றிப் பேசியவர்கள். படித்தால் பெயர் பிழைக்கும், ஆனால் படிக்க முடியாது. தெரியாது என்று சொன்னால் இருபது வருஷமாகக் கக்கத்தில் வைத்திருந்த பேப்பர் போச்சு. பேசாமல் நின்றால் ஐந்து பேர் பிழைப்பும் போச்சு. சாரத்தின் மேல் நாலாம் மாடியில் கயிறு அறுந்த ஆளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார்."

"அண்ணே!" என்றான் ஆம்பூர்க்காரன். "தினம் பேப்பர் படிப்பீங்களே?"

"படம் பாப்பேன்டா."

ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். என்ஜினீயர் சிரிக்கவில்லை. ஆம்பூர்க்காரனைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார்.

"கடையில போயி, அண்ணனுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போடுன்னேன் சார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், தப்பா இருக்காதுன்னு நம்பினேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா நம்புனேண்ணே" என்றான்.

மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். ஒருவன் சொன்னது இன்னும் மோசம். அவன் ஆம்பூர்க்காரனுக்குப் போட்ட மாதிரிப் போடச் சொன்னவன்.

என்ஜினீயர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அஞ்சு பேரும் பேசி வச்சு இந்தக் கதை சொல்லலன்னு நான் எப்படி நம்பறது?" என்றவர் என்னைப் பார்த்தார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க பெயின்ட் அடிச்ச ஒரு கட்டடம். தண்ணி படற இடமா இருக்கணும். இப்பவே காட்டுங்க. நீங்க தனியா வேலை செய்யற நிஜமான ஆளுன்னு தெரிஞ்சா மத்தவங்களையும் விசாரிக்கறேன். இல்லன்னா லிஸ்டு போகும்."

"அண்ணே, பாத்துண்ணே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாலு பேரையும் அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு என்னை ஜீப்பில் ஏற்றினார்.

நான் பெயின்ட் அடித்த கட்டடங்கள் நூறு இருக்கும். ஆனால் நாலு வருஷமாவது ஆகி, தண்ணீர் படுகிற இடமாகவும் இருக்க வேண்டுமே. பொம்மனஹள்ளியிலிருந்து மடிவாளா வருவதற்குள் எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். சிலவற்றை இடித்துவிட்டார்கள். சிலவற்றுக்கு மறுபடி வேறு ஆள் பெயின்ட் அடித்துவிட்டான். மிஞ்சியது அல்சூர் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற இரண்டு மாடி வீடு ஒன்றுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் செய்தது. கீழ்ச் சுவரில் வருஷம் பூராவும் ஓதம் ஏறும். அந்த வீட்டுக்காரம்மா ரிடையர் ஆன டீச்சர். வேலை முடிகிற அன்றைக்கு எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. அதற்குப் பிறகு அந்தச் சந்துக்குள் நான் கால் வைக்கவே இல்லை. சுவர் எப்படி இருக்கிறதோ, தெரியாது. அந்த அம்மா என்னைப் பற்றி என்ன சொல்வாரோ, அது அதைவிடத் தெரியாது.

"ஏன் பேச்சையே காணோம்? லெட்டர்ல அவ்ளோ பேசினீங்க" என்றார் என்ஜினீயர்.

"லெட்டர்ல பேசினது அந்தப் பொண்ணு சார்."

கொட்டகையில் நடந்தது சாயங்காலத்துக்குள் காக்ஸ் டவுனுக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். போய்விட்டது. இன்றைக்கும் சில பேர் என்னைக் கண்டால் தங்கள் கண்ணாடியைக் கழற்றி நீட்டுகிறார்கள்.

வீட்டின் முன்னால் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது நிறத்தை. என் நிறம்தான். யாரும் மேலே அடிக்கவில்லை. என்ஜினீயர் நேராகக் கீழ்ச் சுவருக்குப் போனார். ஜீப் சாவியை எடுத்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அழுத்திக் கீறினார். எனக்கு முதுகில் கீறிய மாதிரி இருந்தது. தூள் கொட்டவில்லை. கோடு மட்டும் விழுந்தது. இன்னும் நாலு இடத்தில் கீறினார். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். மூலைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இங்க வாங்க."

பைப்புக்குப் பின்னால், தோசைக்கல் அகலத்துக்குப் பெயின்ட் பொரிந்து உப்பியிருந்தது. விரலால் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது என்ன?"

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. டீச்சரம்மா. முடி முழுக்க வெளுத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"யாரு சுவத்தைக் கீர்றது?" என்றவர் என்னைப் பார்த்தார். "ஓ! நீயா? இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேம்மா."

என்ஜினீயர் தான் யார் என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்டார். "இவரு இங்க பெயின்ட் அடிச்சாரா? எப்படிப்பட்ட ஆளு? நிஜத்தைச் சொல்லுங்க."

"நிஜத்தையா? இந்த ஆளுக்கு வாய் ஜாஸ்தி. மழை விட்ட சமயத்துல வந்தாரு. ரெண்டு நாள்னு சொன்ன வேலைக்கு ஆறு நாள் சும்மா உக்காந்திருந்தாரு. பிரஷ்ஷைத் தொடவே இல்ல. கேட்டா, சுவரு காயட்டும், சுவரு காயட்டும்னு ஒரே பாட்டு. காலையில வந்து சுவத்துல கன்னத்த வச்சுப் பாப்பாரு, இன்னும் ஈரம்னுவாரு, டீ கேப்பாரு. நான் திட்டித் தொரத்திட்டேன். மறுநாளு மறுபடி வந்து கன்னத்த வக்கிறாரு! என் மருமக முன்னாடி எனக்கு மானம் போச்சு."

என்ஜினீயர் அந்த மூலையைக் காட்டினார். "இது ஏன் உப்பியிருக்கு?"

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த ஒரு வாய் வார்த்தையில் ஐந்து குடும்பம் தொங்கியது.

"அந்த பைப்பு ஒழுகுது, அதை மாத்திட்டுக் கூப்பிடுங்க, அந்த மூலைய விட்டுட்டுப் போறேன்னாரு. நான்தான் விடல. அடிச்சுட்டுப் போன்னு சண்டை போட்டேன். அடிச்சுட்டு, இது நிக்காது, என் பேரைக் கெடுக்கப் போறீங்கன்னு கத்திட்டுப் போனாரு. அதே மாதிரி அந்த மூலை மட்டும் போச்சு. மத்ததெல்லாம் நிக்குது." கொஞ்சம் நிறுத்தி, "யாரு கேட்டாலும் இவரத்தான் சொல்றேன். பேச்சக் கேக்காதீங்க, வேலைய மட்டும் வாங்கிக்கங்கன்னு சொல்லித்தான் அனுப்பறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அல்சூரிலிருந்து வருஷத்துக்கு நாலைந்து வேலை தானாக வந்துகொண்டிருந்தது. என் புகழ் அதுவரை பரவியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். புகழ்தான், ஆனால் பரப்பியது என்னோடு சண்டை போட்ட அம்மா.

என்ஜினீயர் எதிர்க்கடையிலிருந்து சைட் ஆபீசுக்குப் போன் போட்டார். நாலு பேரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளைக்கு ஆளுக்கு ஒரு பழைய சுவரைக் காட்டட்டும் என்றார். பிறகு என்னிடம், "லிஸ்டு போகாது. பின்பக்க பிளாக் உங்களுக்கு. முன்பக்கம் யாருக்குன்னு அப்புறம் பாக்கறேன்" என்றார். ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா அந்த லெட்டரை ஃபைல்ல வைக்க முடியாது. மேனேஜர் பாத்தா என்னைப் பாத்துச் சிரிப்பார். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

ஜீப்பின் பானட்மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துக்கொண்டார். நான் சொன்னேன். எத்தனை வருஷம், எத்தனை ஆள், எந்தெந்தச் சுவர், ஈரச் சுவரானால் எத்தனை நாள் காயவிடுவேன். அவர் எழுதினார். நாலு வரிக்குள் முடிந்துவிட்டது. என் வாழ்க்கை அவ்வளவு சின்னதாகவா இருக்கும்?

"சார், என் பேருக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையே?"

"என்ன வேணும்?"

"ஒரே ஒரு ஃபேமஸ் போடுங்க."

"யாருக்குத் தெரியும் உங்கள? டில்லில தெரியுமா? மைசூர்ல தெரியுமா?"

"காக்ஸ் டவுன்ல தெரியும் சார்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "ஃபேமஸ் எல்லாம் வேண்டாம். வெல்நோன் இன் காக்ஸ் டவுன். பரவாயில்லயா?"

ஒரு படி கம்மியான வார்த்தை என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன். எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, "ஜீவனஹள்ளியையும் சேத்துக்கங்க சார்" என்றேன்.

அதற்குள் அவர் ஜீப்பைக் கிளப்பிவிட்டார்.